கண்ணாடி மூடி போட்ட ஃப்ரிட்ஜ்

சோலார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். பேனல் மாட்டுவதையும் வயர் இழுப்பதையும் நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். ரிட்டயர் ஆன பிறகு அதில் நான் மூக்கை நுழைத்தால், ‘மேடத்துக்கு வீட்டில் பொழுது போகவில்லை’ என்று உங்களுக்குள் சிரித்துக்கொள்வீர்கள். ஆகவே ஃப்ரிட்ஜைப் பற்றி எழுதுகிறேன்.

மின்வாரிய இணைப்பு இல்லாமல் பேட்டரியை மட்டும் நம்பி ஓடும் வீட்டில் ஃப்ரிட்ஜ் ஒரு தனிப் பிறவி. விளக்கை மனிதர்கள் போடுகிறார்கள், அணைக்கிறார்கள். ஃபேனும் அப்படித்தான். ஃப்ரிட்ஜ் மட்டும் யாரையும் கேட்காமல் தானாக ஓடும், தானாக நிற்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் கல்யாணத்துக்குப் போன பிறகும் உள்ளே அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். அக்கம்பக்கம் வீடே இல்லாத மனைகளுக்கு நடுவில், காற்றும் நின்றுபோன மத்தியானத்தில், சமையலறையில் அது திடீரென்று உறுமத் தொடங்கும்போது, யாரோ இருக்கிறார்களோ என்று நானே திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரிட்ஜ் கேட்டு வருகிறவரிடம் நீங்கள் முதலில் எத்தனை லிட்டர் என்று கேட்கிறீர்கள். அடுத்து எத்தனை ஸ்டார் என்று கேட்கிறீர்கள். இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகள்தான். உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் ஒருவரிடம் கேட்டேன். அதற்குப் பதில் தெரிந்துகொள்ள நான் கூடுவாஞ்சேரி தாண்டி அவர் வீடுவரை போகவேண்டியிருந்தது.

அவர் பெயர் சபாபதி. ஆபீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கூடுவாஞ்சேரிக்கு உள்ளே தள்ளி ஒரு லேஅவுட்டில் வீடு கட்டிக்கொண்டு மனைவியோடு குடிவந்திருந்தார். பட்டாவில் ஏதோ சிக்கல் இருந்ததால் அந்த லேஅவுட்டுக்கு மின்சாரம் வரவில்லை. எங்கள் கம்பெனிதான் அவர் மாடியில் பேனல் வைத்து, பேட்டரி போட்டு, விளக்கும் ஃபேனும் ஓடும்படி செய்து கொடுத்திருந்தது. சில மாதம் கழித்து ஒருநாள் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் கடைக்கு வந்து, ஃப்ரிட்ஜ் வாங்கவேண்டும் என்றார்.

நான் வழக்கமான மாடல்களைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

“இது நிக்கிற மாதிரி இருக்கே மேடம். படுத்த வாட்டத்துல இருக்குமே, ஐஸ்கிரீம் கடையில வச்சிருப்பாங்களே, அது வேணும்.”

எனக்குச் சந்தோஷம்தான். மேலே மூடி வைத்த பெட்டி மாதிரி ஃப்ரிட்ஜ் கரண்டுக் கணக்கில் தப்பே இல்லை. குளிர்ந்த காற்று கனமானது. நிற்கும் ஃப்ரிட்ஜில் கதவைத் திறந்தால் அது காலடியில் கொட்டிப் போய்விடும். படுத்த பெட்டியில் மூடியைத் திறந்தாலும் உள்ளேயே தங்கும். பேட்டரி வைத்திருப்பவர்களில் இதைத் தெரிந்து கேட்கிறவர்கள் குறைவு. பரவாயில்லையே, விவரமான மனிதர் என்று நினைத்தேன். கடையின் பின்பக்கம் இருந்த ஒன்றைக் காட்டினேன்.

அவர் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார். வெளியே எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அளப்பார் என்று நின்றிருந்தேன். அவர் மூடியைத் திறந்து, உள்ளே குனிந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்தார். முகம் வாடிவிட்டது.

“நீளம் பத்தாது. இன்னும் ஒரு முழம் இருக்கிற மாதிரி வருமா?”

“ரெண்டு பேருக்கு இதுவே அதிகம் சார். உள்ள என்ன வைக்கப் போறீங்க?”

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. “மூடி கண்ணாடியில வருமா? உள்ள லைட் எரியுமா?” என்று கேட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, “ரொம்ப உறைஞ்சு போயிடக் கூடாது. கெடாம இருந்தா போதும்,” என்றார்.

நான் ஒன்றும் விற்கவில்லை. ஃப்ரிட்ஜ் நிற்கப் போகும் இடத்தைப் பார்க்காமல் விற்பது என் வழக்கம் இல்லை, நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகும் அந்த டேப் பெட்டிக்குள் ஓடிய சத்தம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

மறுவாரம் ஒரு மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அந்த லேஅவுட்டை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தார் ரோடு போட்டிருந்தார்கள், மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள் வரிசையாக நின்றன, மின்கம்பங்களும் நட்டிருந்தார்கள். ஒரு கம்பத்திலும் கம்பி கிடையாது. அத்தனை மனைகளுக்கும் நடுவில் அவர் வீடு ஒன்றுதான்.

சபாபதி கதவைத் திறந்து, வாயில் விரல் வைத்துச் சைகை காட்டினார். “மெதுவா வாங்க. அவ படுத்திருக்கா.”

நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். அவர் என்னைக் கூடத்தில் நிறுத்தினார். சோபா, நாற்காலி எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்கியிருந்தார். தரையைக் கூட்டித் துடைத்து, நட்ட நடுவில் சாக்பீஸால் நீளமாக ஒரு கட்டம் போட்டிருந்தார்.

“இங்கதான் வரணும் மேடம். வாசலைத் திறந்ததும் நேரா தெரியணும்.”

“கூடத்துல வெயில் அடிக்குதே சார். ஃப்ரிட்ஜ் சமையலறையில இருந்தாதான் உங்களுக்கும் வசதி.”

“இல்ல இல்ல. இங்கதான். தலைமாடு தெற்க வரணும்.”

ஃப்ரிட்ஜுக்குத் தலைமாடு! தெற்கே தலை வைத்து யாரைக் கிடத்துவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போதுதான் கவனித்தேன்: படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. மேஜைமேல் இரண்டு டம்ளர் காபி இருந்தது. ஒன்று ஆடை படிந்து ஆறிப்போய் அப்படியே இருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழிதான் தெரிந்தது. போன் வந்தமாதிரி காட்டிக்கொண்டு வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பிவிடலாம். தாம்பரம் போய்ச் சேர்ந்த பிறகு யாரிடமாவது சொல்லலாம். இல்லையென்றால் அங்கேயே நின்று கேட்கலாம். எனக்குத் தைரியம் ஒன்றும் ஜாஸ்தி கிடையாது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்து, நான் பாட்டுக்குப் போய்விட்டால், அதற்குப் பிறகு நான் எப்படித் தூங்குவது?

“அம்மாவை நான் பார்க்கணும் சார்,” என்றேன்.

“வேண்டாம் மேடம். அவ தூங்கறா.”

“பார்க்காம நான் போகமாட்டேன்.”

அவர் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், மெலிந்து, மூச்சு வாங்கி வாங்கி வந்தது.

“அவங்கள உள்ள விடுங்களேன். அளவு என்னோடதுதானே.”

அந்தக் குரல் இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்குக் கேட்கிறது.

உள்ளே கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அவர் மனைவி கோமதி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. இதயம் பழுதாகி, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“பயந்துட்டீங்களா? எங்க வீட்டுக்காரருக்கு எதையும் பக்குவமா சொல்ல வராது,” என்று சிரித்தார். “நான்தான் அவரை அனுப்பினேன். ஃப்ரிட்ஜ் எனக்குத்தான். நான் போன அப்புறம் படுத்துக்க.”

பிறகு அவரே நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். இரும்புலியூரில் வாடகை வீட்டில் இருந்தபோது மாமியார் ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். மற்ற குடித்தனக்காரர்கள் பயப்படுவார்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் உடலை உள்ளே கொண்டுவர விடவில்லை. தெருவில் வண்டியிலேயே வைத்து மாலை போட்டு, அப்படியே எடுத்துக்கொண்டு போனார்களாம். சாவதற்காவது சொந்த வீடு வேண்டும் என்று அன்றைக்கு இருவரும் முடிவுசெய்தார்கள். இருந்ததையெல்லாம் போட்டு இந்த வீட்டைக் கட்டினார்கள். வீடு வந்தது, கரண்ட் வரவில்லை.

“எங்களுக்கு ஒரே பொண்ணு, நித்யா. கனடாவுல இருக்கா. அங்க நிரந்தரமா தங்கறதுக்கான பேப்பர் எல்லாம் பாதியில நிக்குது. இப்ப கிளம்பி வந்தா அத்தனையும் வீணாப் போயிடும். அதனால என் உடம்பு இப்படி இருக்குன்னு அவளுக்குச் சொல்லல. நான் போன அப்புறம் எப்ப முடியுதோ அப்ப வரட்டும். ஆனா வரும்போது என் முகம் முகமா இருக்கணும் மேடம்.”

“வாடகைக்குக் கிடைக்குமே, சாவு வீட்டுக்கு வர்ற ஐஸ் பெட்டி...” என்று இழுத்தேன்.

“பக்கத்து லேஅவுட்ல ஒருத்தருக்கு வந்தது. ஜெனரேட்டர் பாதியில நின்னு போச்சு. பையன் துபாய்லேர்ந்து ஓடி வந்தான். முகத்தைப் பார்த்துட்டு வெளியில போய் வாந்தி எடுத்தான். பெத்த பையன் மேடம்! என் பொண்ணுக்கு அது வரக்கூடாது.” மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “நான் எவ்வளவு நாள் வேணும்னாலும் காத்துக்கிட்டு இருப்பேன். குளிர் மட்டும் விடாம இருக்கணும்.”

அவ்வளவு பயத்திலும் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “அந்தப் பெரிய பெட்டி வேலைக்கு ஆகாது,” என்று படபடவென்று சொன்னேன். “அது உறைய வைக்கிற பெட்டி. அதோட, என்னிக்கோ வரப்போற ஒரு நாளுக்காகத் தினமும் காலிப் பெட்டியைக் குளிர வச்சுக்கிட்டு இருந்தா உங்க பேட்டரி செத்துப்போகும். அதுவரைக்கும் அதுல என்னத்த வைப்பீங்க?”

வாசலில் நின்ற சபாபதி தயங்கித் தயங்கி, “தக்காளி,” என்றார்.

கோமதி சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர்.

“அப்புறத்துக்கு என்ன வேணும்னு சொல்லிட்டீங்க. இப்ப உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது. புருஷனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். “தண்ணி அளந்துதான் குடிக்கணும்னுட்டாங்க. நாக்கு அப்படியே ஒட்டிக்குது. வாயில போட்டுக்க ஒரு ஐஸ் துண்டு இருந்தா நல்லா இருக்கும்,” என்றார்.

அந்த ஐஸ் துண்டுக்காகத்தான் ஃப்ரிட்ஜ் தேர்ந்தெடுத்தோம். இருப்பதிலேயே சின்னது, ஒற்றைக் கதவு. கிளம்பும்போது பேட்டரியை உலுக்காமல் மெதுவாக ஏறி மெதுவாக ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர். சுவர் தடிமனாக, கதவு ரப்பர் காகிதத்தைக்கூடப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தேன். நல்ல ஃப்ரிட்ஜ் என்பது குளிரை வேகமாக உண்டாக்குவதல்ல, உண்டான குளிரை வெளியே விடாமல் வைத்துக்கொள்வது. அதற்கு மோட்டாரைவிடச் சுவர் முக்கியம். சமையலறையில் வெயில் படாத மூலையில், பின்பக்கம் காற்றுப் போக இடம் விட்டு வைத்தோம். தினமும் அது தின்னும் கரண்ட் எவ்வளவு குறைகிறதோ, அந்த ஒரு நாளுக்குப் பேட்டரியில் அவ்வளவு மிஞ்சும்.

அந்த ஒரு நாளுக்கு வாடகைப் பெட்டிதான் என்று முடிவானது. ஆனால் அது அந்த வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுமா? ஓட்டிப் பார்க்காமல் சொல்ல நான் தயாராக இல்லை. இரும்புலியூரில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் தாமுவிடம் போனேன்.

“இன்னா மேடம் பேசறீங்க?” என்று எழுந்தே நின்றுவிட்டார் அவர். “சாவு வூட்டுக்குத்தான் பொட்டி போவும். உசுரோட கீறவங்க வூட்டுக்கு எப்டி தூக்கினு போறது?”

“சும்மா ஓட்டிப் பார்க்கத்தான் தாமு. ரெண்டு மணி நேரம்.”

“நம்ம லைன்ல ஒரு பயக்கம் கீது மேடம். பொட்டி காலியா ஒரு வூட்டுக்குள்ள பூந்தா, காலியா திரும்பக் கூடாது. அது எதையாச்சும் கேக்கும்.”

கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்கொள்ள வைத்தேன். பெட்டியைச் சாக்பீஸ் கட்டத்துக்குள் வைத்தோம். கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் தடவை அது உறுமியதுமே இன்வெர்ட்டர் படுத்துவிட்டது. பெரியதை மாற்றி, பேட்டரியைக் கூட்டி, தாமுவை மறுபடி கெஞ்சி வரவழைத்து ஓடவிட்டோம். இந்த முறை ஓடியது. காலிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லா இருக்கும். கன்னம் ஒட்டினது தெரியுது,” என்றார். புடவைக் கடையில் பார்டர் பார்க்கிறவர் குரல் அது.

பெட்டியை எடுக்கும் நேரத்தில் தாமு நின்றுவிட்டார். முதல் தடவை அவர் தானே ஒரு தேங்காயைப் போட்டுத்தான் எடுத்துப்போயிருந்தார். இப்போது, “காலியா நான் எடுக்க மாட்டேன். எதுனா ஒண்ணு போடுங்க சார்,” என்றார். சபாபதி சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, நான்காக மடித்து, தலைமாட்டுப் பக்கம் வைத்தார்.

தாமுவின் முகம் மாறிவிட்டது. “இன்னா சார் நீ... போட்டுக்கினு இருந்த துண்டையா போடுவ?” என்றார். வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிக்கொண்டு போனார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் யாராவது ஓடிப்போய் அந்தத் துண்டை எடுத்துவிடமாட்டார்களா என்று இருந்தது. கோமதி அன்று அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

சின்ன ஃப்ரிட்ஜ் சமர்த்தாக ஓடியது. சபாபதி தினமும் ஐஸை நுணுக்கி, ஸ்பூனில் வைத்து மனைவிக்குக் கொடுத்தார். அதற்காகவே எனக்கு போன் செய்து நன்றி சொன்னார். பிறகு மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையில் போன் அடித்தது. அவர் எண்தான். பேசியது கோமதி.

“மேடம், நேத்து பெட்டியை வரவழைச்சாச்சு. எனக்கில்ல. அவருக்கு.”

மாடியில் பேனல்மேல் தேங்கிய மழைத் தண்ணீரைத் தள்ளிவிடப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தவர்தானாம். நித்யாவுக்குச் சொல்லியாகிவிட்டது. பேப்பர் எப்படிப் போனாலும் போகட்டும் என்று அவள் விமானம் ஏறிவிட்டாள். அன்று சாயங்காலம் வந்து சேருவாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டோடு வண்டி நின்றுவிட்டது. லேஅவுட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கம்பி இல்லாத கம்பங்களை அடையாளம் வைத்து நடந்தேன். உறவுக்காரர்கள் பலர் தண்ணீருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். பெட்டியை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த தாமு மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

கூடத்தில் அதே கட்டத்தில் பெட்டி. உள்ளே சபாபதி, தெற்கே தலை வைத்து. பக்கத்தில் நாற்காலியில் கோமதி. அவர் மூக்கில் ஒரு குழாய் இருந்தது. காலடியில் ஒரு ஆக்சிஜன் மெஷின், புஸ்ஸென்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. சுவாசம் மாதிரியே இருந்தது. அது எனக்குத் தெரியாத சாமான். டாக்டர் சொன்னாராம், போன மாதம் வாங்கினார்களாம். எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை. உங்கள் கஸ்டமர் வீட்டுக்குப் போனால் பழைய சாமான் ஓடுகிறதா என்று பார்ப்பதோடு, புதிதாக என்ன வந்திருக்கிறது என்றும் கேளுங்கள்.

பேட்டரியைப் பார்த்தேன். முந்தின நாள் முழுக்க வெயில் இல்லை. அன்றும் வானம் மூடிக்கிடந்தது. பெட்டி, மெஷின் இரண்டும் ஓடினால் மத்தியானத்துக்குள் எல்லாம் அணைந்துவிடும். சமையலறை ஃப்ரிட்ஜை நிறுத்தலாமா என்று பார்த்தேன்; அது தின்பதே கொறிப்பதுதான், நிறுத்தி மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. ஜெனரேட்டர் தண்ணீரில் வராது. ஆம்புலன்ஸும் வராது. ஆபத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் முந்தின நாள் களேபரத்தில் தீர்ந்துபோயிருந்தது.

நான் பெட்டியின் பிளக்குக்குப் பக்கத்தில் போனேன். கோமதிக்கு நான் சொல்லாமலே புரிந்துவிட்டது.

“அதை நிறுத்தாதீங்க மேடம். அவ அப்பா முகத்தைப் பார்க்கணும்.” தன் மூக்குக் குழாயில் கை வைத்தார். “இதை எடுத்துடறேன். சாயங்காலம் வரைக்கும்தானே. நான் தாங்குவேன்.”

“தாங்க மாட்டீங்க.”

“என் வீடு. என் புருஷன். நான் சொல்றதைக் கேளுங்க!” அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை.

சட்டப்படி அவர் சொன்னது சரிதான். கஸ்டமர் சொல்வதைத்தான் நாம் செய்யவேண்டும். நான் அவர் கையைக் குழாயிலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டேன். “உங்க பொண்ணு அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, ரெண்டு பெட்டிக்கு முன்னாடி உட்காரணுமா டீச்சர்?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

பெட்டியின் உறுமல் நின்றதும் வீடே நின்றுபோன மாதிரி இருந்தது. மெஷின் மட்டும் புஸ், புஸ் என்று இழுத்தது. “தாமு, வீட்டுல இருக்கிற போர்வை, மெத்தை, கம்பளி எல்லாத்தையும் எடுங்க,” என்றேன். முந்தின நாளிலிருந்து ஓடிய பெட்டி, உள்ளே நன்றாகக் குளிர்ந்திருந்தது. இனி அதைக் காப்பது சுவர்தான். ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ் முழுவதையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரே ஒரு தடவை மூடியைத் தூக்கி, முகத்தின் இரு பக்கமும் வைத்தோம். பிறகு மூடினோம். சுற்றிலும் மெத்தையைச் சாய்த்து, மேலே போர்வை போர்வையாகப் போர்த்தினோம். குளிர் ஜுரம் வந்தவரைப் போர்த்துகிற மாதிரியே இருந்தது. “காலை நல்லா மூடுங்க. அவருக்குக் கால் சில்லுனு ஆயிடும்,” என்றார் கோமதி. தாமு என்னைப் பார்த்தார். நான் காலை நன்றாக மூடினேன்.

யாரும் திறக்கக் கூடாது என்று சொன்னேன். தண்ணீரில் நடந்து வந்த ஒன்றிரண்டு பேர் முகம் காட்டச் சொல்லிக் கேட்டார்கள், கோபித்துக்கொண்டார்கள். நான் விடவில்லை. ஒருதரம் போர்வை நழுவி, தலைமாட்டில் கண்ணாடி தெரிந்தது. அவர் வாய்க்கு நேராகப் புகை மாதிரி மூடியிருந்தது. மழைக் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் அப்படித்தான் படியும். எனக்கு அது தெரியும். கோமதி நாற்காலியிலிருந்து குனிந்து, “மூச்சு விடறார் பாருங்க,” என்றார். நான் துடைக்கக் கை நீட்டினேன், தொடாமல் எடுத்துவிட்டேன். பக்கத்தில் மெஷின் இழுக்க இழுக்க, அந்தப் புகை பெரிதாகி வருவதாகவே எனக்கும் தெரிந்தது. போர்வையை இழுத்து மூடினேன். படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே டிராக்டரில் நித்யா வந்துவிட்டாள். போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். கோமதி தன் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். முகம் முகமாகவே இருந்தது. நித்யா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நிமிர்ந்தபோதுதான் அம்மாவின் மூக்கில் இருந்த குழாயைப் பார்த்தாள்.

“உனக்கு என்னம்மா இது? எப்போலேர்ந்து?”

கோமதி மறுபடி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். எல்லாவற்றையும் நான்தான் சொல்லவேண்டியதாயிற்று.

தண்ணீர் வடிந்து, காரியம் எல்லாம் முடிந்து, வெயில் வந்த பிறகு சிஸ்டத்தைப் பார்க்கப் போனேன். கோமதி கட்டிலில் இருந்தார். என்னை வரச்சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“யோசிச்சுப் பார்த்தேன் மேடம். என் தடவை வரும்போது நீங்க இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். மூச்சு மெஷின் ஓடாது இல்ல? கரண்ட் மொத்தமும் எனக்குத்தான்.” கணக்கு சரியாக வந்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

வாசற்படியில் நின்று நித்யாவும் அதைக் கேட்டுவிட்டாள். நேராக என்னிடம் வந்தாள்.

“மேடம், நான் இங்கயே இருந்தா இந்த பேட்டரி தாங்குமா?”

“உன் பேப்பர் எல்லாம் என்னடி ஆகும்?” என்று கோமதி எழுந்திருக்கப் பார்த்தார்.

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். “ஒரு லேப்டாப், ஒரு ஃபேன், ஒரு லைட். அவ்வளவுதான் மேடம். தாங்குமா?”

மெஷின் எவ்வளவு, மழை வந்தால் எவ்வளவு, பேட்டரி இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்றெல்லாம் பார்த்துத்தான் சொல்லியிருக்கவேண்டும். கணக்குப் போடாமல் எந்த வீட்டிலும் வாயைத் திறக்காதீர்கள். நான் போடவில்லை.

“தாங்கும்மா,” என்றேன்.